மழை வருவதற்கு முன் எழுத வேண்டிய பட்டியல்

(கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேரிடர் மேலாண்மை பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பு வந்தாலே நாம் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. மணியடித்துப் பிள்ளைகளை மைதானத்துக்கு ஓடச் சொல்வோம், புகைப்படம் எடுப்போம், குழுவில் பதிவேற்றுவோம். அதுவும் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் பேச நினைப்பது வெள்ளம் வடிந்த பிறகு நடப்பதைப் பற்றி. அரசு தரும் உதவி யார் வீட்டுக்கு வந்து சேர்கிறது? யார் வீட்டு வாசலுக்கு முன்னால் நின்றுவிடுகிறது? இதில் ஆசிரியருக்கு என்ன வேலை?

ஃபெஞ்சல் புயலை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தோடு போய்விடும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். அது உள்ளே வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. மறுநாள் கடலுக்கு வெகு தூரத்தில் உள்ள ஊத்தங்கரையிலும் ஏறத்தாழ அதே அளவு. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை திருக்கோவிலூர்ப் பக்கம் எப்படி ஓடியது என்பதை அந்த ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அரசு உடனே அறிவித்த உதவிகளை நினைவுபடுத்துகிறேன். உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000. முழுதும் இடிந்த குடிசைக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் முன்னுரிமை. 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் போயிருந்தால் ஹெக்டேருக்கு இறவைப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கும் மரத்துக்கும் 22,500, மானாவாரிக்கு 8,500. மாடு இறந்தால் 37,500, ஆடு 4,000, கோழிக்கு 100. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய். சான்றிதழ் இழந்தவர்களுக்குச் சிறப்பு முகாம். பிள்ளைகளுக்குப் புதிய பாடநூல், நோட்டு.

நல்ல பட்டியல். கோழியைக் கூட விடவில்லை. இந்தப் பட்டியலை ஒரு வரி, ஒரு வரியாக மறுபடி படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. குடும்ப அட்டை இருந்தால் 2,000. அடங்கலில் பெயர் இருந்தால் பயிர் இழப்பீடு. வங்கிக் கணக்கு இருந்தால்தான் பல உதவிகள் கைக்கு வரும். மக்களின் வரிப்பணத்தைக் கணக்கில்லாமல் யாரும் கொடுக்க முடியாது. ஆகவே காகிதம் கேட்பது தவறில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆற்றுப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரும், மலைச் சரிவில் அரை ஏக்கர் உழுபவரும்தான் முதலில் அடி வாங்குகிறார்கள். காகிதம் மிகக் குறைவாக இருப்பதும் அவர்களிடம்தான்.

கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். இரண்டாயிரம் அடியிலிருந்து நான்காயிரம் அடி வரை உயரம். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். மரவள்ளி, சாமை, புளி, கடுக்காய் என்று வாழ்க்கை. ஜாகிர்தார்கள் கையிலிருந்த மலை இது. 1976இல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. அதாவது சமவெளியில் நம் தாத்தா காலத்திலேயே பழகிப்போன பட்டாவும் சிட்டாவும் அங்கே ஒரு தலைமுறைக்கு முன்பு வந்த சங்கதி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், ‘அவங்களுக்கு விழிப்புணர்வு இல்ல சார்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியம் எவ்வளவு அநியாயமானது என்று புரியும்.

மரவள்ளி மழையில் சாய்வதில்லை. பார்வைக்குப் பச்சையாக நிற்கும். வயலில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு மண்ணுக்குள் அழுகும். கணக்கெடுக்க வருபவர் கண்ணுக்கு அது தெரியாது. பத்து மாதம் வளர்த்து ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பும் நேரத்தில் பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும். இழப்பை ஒப்புக்கொண்டாலும் அரை ஏக்கர் மானாவாரிக்குச் சுமார் 1,700 ரூபாய்தான் கணக்கு வரும். அதுவும் நிலம் யார் பெயரில் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே உழுதுவரும் பழங்குடியினருக்கு வன நிலத்தில் உரிமை கோர அது வழி செய்கிறது. மனு கிராம சபையில்தான் தொடங்குகிறது. இதை எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் நடத்தும்போது சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளை வீட்டில் போய்க் கேட்கும்.

அடுத்தது குடும்ப அட்டை. ஒரு கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரியும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. மாமனார் பெயரில் ஒரே அட்டை. மகனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கே வந்துவிட்டது, ஆனால் பெயர் இன்னும் பிரிக்கப்படவில்லை. மூன்று அடுப்புக்கும் சேர்த்து ஒரு 2,000. காபி, மிளகுத் தோட்ட வேலைக்குக் கர்நாடகம், கேரளம் என்று போயிருக்கும் குடும்பம் என்றால், டோக்கன் கொடுக்கும் நாளில் வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். அவருடைய கைரேகை இயந்திரத்தில் விழாது. நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்த கை, அது எப்படி விழும்?

சாதிச் சான்றைப் பற்றி நீட்ட வேண்டாம். மற்ற பிரிவினருக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடியும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். மலையிலிருந்து இறங்கி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நடக்கிறார்கள். அப்படி வாங்கிய தாளைக் கூரை முகட்டில் ஒரு பிளாஸ்டிக் பையில் செருகி வைக்கிறார்கள். காற்று முதலில் பிய்த்துக்கொண்டு போவது கூரையைத்தான்.

இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம்மிடம் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. ஒரு குழந்தையின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், ஊர், இனம் எல்லாம் ஒரே வரியில். சில குடும்பங்களைப் பொறுத்தவரை அரசின் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இவ்வளவு தெளிவாக இல்லை. எமிஸ் தளத்திலும் அதுவே இருக்கிறது. எனவே நான் சொல்வது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஜூன், ஜூலையில், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது ஒரு நோட்டைத் திறந்து வையுங்கள். பிள்ளை பெயருக்கு நேராக ஐந்து கட்டம்: குடும்ப அட்டையில் பெயர் உண்டா, ஆதார் உண்டா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, சாதிச் சான்று உண்டா, வீடு யாருடைய மண்ணில் நிற்கிறது. இல்லை என்ற இடங்களை மட்டும் தனித் தாளில் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடமும் இ-சேவை மையத்திலும் கொடுங்கள். எங்கள் பள்ளியில் இப்படித்தான் தொடங்கினோம். ஐந்தாவது கட்டத்துக்குத்தான் பெற்றோர் பதில் சொல்லத் தயங்கினார்கள், ‘எழுதினா காலி பண்ணச் சொல்லுவாங்களா டீச்சர்?’ என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான பயம். அந்தக் கட்டத்தை நான் பென்சிலால் எழுதுகிறேன், வெளியே யாரிடமும் காட்டுவதில்லை. மழை எச்சரிக்கை வந்தால் முதலில் யார் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று அறிய மட்டும் அது.

இருக்கிற சான்றுகளை டிஜிலாக்கரில் ஏற்றிவிடலாம். வீட்டில் கைபேசி இல்லாத பிள்ளைகளுக்கு நகல் எடுத்துப் பள்ளி அலமாரியில் வையுங்கள், மேல் தட்டில். எங்கள் பள்ளியில் கீழ்த்தட்டு எலிகளுக்கு.

ஒடிசாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1999 பெரும்புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் ஃபைலின் புயல் வந்தபோது உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. கரையோரத்தில் புயல் காப்பிடங்கள் கட்டினார்கள், அவற்றில் பல மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள். யார் வீட்டில் முதியவர், யார் வீட்டில் கர்ப்பிணி என்பது ஊர்த் தொண்டர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. கட்டடத்துக்குப் பணம் வேண்டும். பெயர்கள் தெரிந்திருக்கப் பணம் வேண்டாம்.

விடுதிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. கனமழை என்று இரவு விடுமுறை அறிவிப்பு வருகிறது. நகரத்துப் பிள்ளைக்கு விடுமுறை என்றால் வீட்டில் இருப்பது. விடுதிப் பிள்ளைக்கு, ஓடை குறுக்கே ஓடும் பாதையில் வீட்டுக்கு நடப்பது. மழை விடுமுறை அன்று பிள்ளைகளை விடுதியிலேயே வைத்திருங்கள். பெற்றோர் நேரில் வந்து கேட்டாலும் பாதை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள். அந்த நாட்களுக்கான அரிசி, பருப்பு இருப்பை அக்டோபரிலேயே பார்த்து வைக்க வேண்டும். சாலை துண்டித்த பிறகு வண்டி ஏறாது.

பள்ளி திறந்த முதல் நாள், ‘யாருக்குப் புத்தகம் போச்சு, கை தூக்குங்க’ என்று கேட்காதீர்கள். தூக்க மாட்டார்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு என் வகுப்பில் ஒரு பெண் நான்கு நாள் பக்கத்தில் இருப்பவளின் புத்தகத்தைப் பார்த்தே எழுதினாள். அவளுடைய பை நனைந்து ஊறி வீட்டு வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் புத்தகம் அலுவலகத்துக்கு வந்துவிட்டது, இவள் பெயர் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அவள் கை தூக்கவில்லை. வகுப்பில் நடந்துகொண்டே பைகளைப் பாருங்கள், போதும்.

மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் நுழைவாயில் சுவரில் பெரிதாக எழுதுங்கள். வெப்ப அலையையும் 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அரசு அறிவித்திருக்கிறது, ஆகவே இந்தப் பட்டியல் ஏப்ரல், மே மாதங்களிலும் வேலைக்கு ஆகும்.

ஐந்து கட்டம் போட்ட மாதிரித் தாளை மேசையில் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது ஒரே ஒரு வகுப்புக்காவது நிரப்பிக் கொண்டுவாருங்கள். ‘இல்லை’ என்று வந்த கட்டங்களை ஊர்வாரியாகப் பிரித்து அன்றே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதிவிடலாம்.