‘நிம்’ என்னும் ஒரு சொல்



போதிதருமர் நம் காஞ்சியினர் என்று பெருமை கொள்கிறோம். பழைய சீனக் குறிப்புகளுள் ஒன்று அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது; கி.பி. 547 அளவில் எழுந்த மற்றொன்று பாரசீகர் என்கிறது. இரண்டிலும் காஞ்சியின் பெயர் இல்லை. மரபு போற்றத்தக்கதே. எனினும், பிறந்த ஊர் என்னும் உரிமையினும் கற்றவர் என்னும் உரிமையே பெரிது.

தியானம் என்னும் நம் நாட்டுச் சொல் சீனத்தில் ‘சான்’ ஆயிற்று. கொரியாவில் ‘சொன்’, ஜப்பானில் ‘ஜென்’ ஆயிற்று. அந்நெறியை இன்று கற்பிப்போர் யார்? 1970களில் கொரியாவின் சொங்குவாங்சா மடத்தில் துறவியாக வாழ்ந்த அமெரிக்கர் ராபர்ட் பஸ்வெல், பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிக் கொரிய பௌத்தத்தைக் கற்பித்தார். மூலமொழியைக் கற்ற பின்னரே அவர் நூல்களைப் பெயர்த்தார்.

நம் பக்கத்திலும் கொரிய மொழி ஒலிக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் சென்னையில் இன்கோ மையம் தோன்றியது. வேலைக்காகக் கொரியம் கற்கும் இளைஞர்களை நான் குறை கூறேன். அவர்கள் தொடக்கப் பாடங்களிலேயே கற்கும் ஒரு விகுதியைப் பற்றியே சொல்ல விழைகிறேன். ஆசிரியரைச் ‘சொன்செங்நிம்’ என்றும் நிறுவனத் தலைவரைச் ‘சாஜங்நிம்’ என்றும் அழைப்பர். நம் ‘அவர்கள்’ போன்றது இந்த ‘நிம்’.

இதே ‘நிம்’ தனிச் சொல்லாக நின்று ஒரு பெருங்கவிதை நூலைத் தாங்குகிறது. ஹான் யோங்-உன் (1879–1944) சொன் துறவி. 1919 மார்ச் விடுதலைச் சாற்றுரையில் கையொப்பமிட்ட முப்பத்து மூவருள் ஒருவர். அதற்காகச் சிறை சென்றவர். 1926இல் அவர் வெளியிட்ட ‘நிம்மின் மௌனம்’ என்னும் தொகுப்பில் பிரிந்து சென்ற ‘நிம்’ காதலரா, புத்தரா, அடிமைப்பட்ட தாயகமா? மூன்றும் என்பதே விடை.

ஆங்கில வகுப்பறையில் இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படும். நம்மாழ்வாரின் நாயகி பாவத்தை அறிந்த தமிழ் மாணவர்க்கோ, கண்ணனைத் தோழனாகவும் காதலியாகவும் கண்ட பாரதியைப் படித்தவர்க்கோ, இஃது அயல் உணர்வன்று. வினை இறுதியில் வருவதும், வேற்றுமை உருபு பெயரின் பின் ஒட்டுவதும் இரு மொழிக்கும் பொது. 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இவ்வொற்றுமை இனவுறவுக்குச் சான்றாகாது. கற்பித்தலுக்கு மட்டும் பெருந்துணையாகும்.

இடர்ப்பாடும் உண்டு. ‘தலைவன்’ என்றால் ஆண்பால் நுழைந்துவிடும். ‘நிம்’ பால் காட்டாது. கொரிய வினை, செய்தவர் யாரென்பதை விகுதியால் உணர்த்தாது. நம் வினைமுற்றோ திணை, பால், எண், இடம் அனைத்தையும் உணர்த்திவிடும். கவிஞர் மறைத்ததை மொழிபெயர்ப்பு வெளிப்படுத்திவிடலாகாது. ஆங்கிலத்தின் வழியே பெயர்ப்போர்க்கு இவ்விடர் கண்ணுக்கே புலப்படாது.

கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். இணைப்பே அதன் உயிர் என்பதை இவ்வூர் அறியும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்விலக்கிய வட்டம், கொரியம் கற்ற நம் இளைஞர்களை அழைத்து, ஆண்டுக்கு ஒரு கவிதையையேனும் மூலத்திலிருந்து நேரே தமிழாக்கச் செய்யட்டும். போதிதருமர் மீது நாம் கொண்டாடும் உரிமை அன்றே மெய்ப்படும்.