ஸ்பேனர் பிடித்தவரெல்லாம் மெக்கானிக்கா?



சிக்கனத்துக்கு வழி நாமே செய்துகொள்வதா, தெரிந்தவரிடம் விடுவதா? தெரிந்தவரிடம் விடுவதே என்று வாதாட வந்திருக்கிறேன். "கை இருக்கு, ஸ்பேனர் இருக்கு, அப்புறம் எதுக்குக் கூலி?"ன்னு எதிரணித் தோழர் கேட்டார். ஐயா, போன சித்திரையில நானும் இதையேதான் கேட்டேன்!

முன்னால போன லாரி டயர்லேர்ந்து ஒரு கல்லு தெறிச்சு, என் கார் ஏ.சி. கண்டென்சர்ல பட்டுடுச்சு. கேஸ் கொஞ்சம் கொஞ்சமா கசியுது. "கண்டென்சரையே மாத்தணும் சார்"னார் மெக்கானிக். கூலியைச் சொன்னதும் எனக்கு ஏ.சி. இல்லாமலே குளிர் எடுத்துடுச்சு. (சிரிப்பு)

கண்டென்சர்னா என்ன? தாய்மார்களுக்குத் தெரியும். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தா, உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்குதில்ல? ஆவி, தன் சூட்டை மூடிகிட்ட விட்டுட்டுத் தண்ணியாகுது. அதே கதைதான். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்புற சூடான கேஸ், ரேடியேட்டருக்கு முன்னால இருக்கிற கண்டென்சர்ல காத்துபட்டுத் திரவமாகுது. காருக்குள்ள இருந்த வெக்கை அங்கேதான் வெளியேறுது.

புதுசு ஒண்ணு வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை பம்பரைக் கழட்டியாச்சு. பத்து வயசுப் பையன் டார்ச் பிடிக்கிறான். 'கேஸெல்லாம் எப்பவோ போயிருக்கும்'னு நடுவர் இல்லாமலே நான் தீர்ப்பு சொல்லிக்கிட்டேன். பைப் நட்டைத் திருகினேன். உஸ்ஸ்னு சீறிச்சு, ஐயா!

அந்த ஆர்-134ஏ கேஸ், வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. தோலில் பட்டால் தோல் உறையும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. என் விரல் வெளுத்து மரத்துப்போச்சு. பையன் அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்து தலையைத் திருப்பியிருந்தான். அவனைத் தும்மல் காப்பாத்துச்சு, ஐயா. தகப்பன் காப்பாத்தல!

அதோட விட்டேனா? விரல் வலியில மூணு நாள் பைப்பை மூடாமலே போட்டு வச்சேன். அப்புறம் மாட்டி, கேஸ் நிரப்பப் போனேன். மெக்கானிக் நிதானமாக் கேட்டார்: "ஓ-ரிங் புதுசா? ஆயில் அளவு பார்த்தீங்களா? டிரையர் மாத்தினீங்களா?" மூணுக்கும் நான் முழிச்சேன். ஈரக்காத்து உள்ளே போனால், எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கும். அதனால்தான் வாக்குவம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பிறகே கேஸ் நிரப்புகிறார்கள். அந்த பம்ப் என் வீட்டுல ஏது? கடைசியில கூலியும் கொடுத்தேன், டிரையருக்கும் சேர்த்துக் கொடுத்தேன். "மிச்சம் பிடிச்ச காசு எங்கேங்க?"ன்னா வீட்டுக்காரி. (கைதட்டல்)

அதுமட்டுமா? பழைய ஆர்-12 கேஸ் ஓசோனைக் கெடுக்கிறது என்றுதான் 1987-இல் மாண்ட்ரீலில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. இந்த 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். முறையான பட்டறையில் அதை மெஷினில் பிடித்து வைப்பார்கள். நான் தெருவுல விட்டேன். என் சிக்கனத்துக்கு ஊரே கூலி கொடுக்குது!

கண்டென்சர்ல படிஞ்ச புழுதியை மெதுவாத் தண்ணி விட்டுக் கழுவுங்க. அது நம்ம வேலை. அழுத்தத்துல அடைபட்டிருக்கிறதைத் திறக்கிறது தெரிஞ்சவங்க வேலை. நாம் கொடுப்பது அவர் கைக்குக் கூலி இல்லை ஐயா, நம் பிள்ளை கண்ணுக்குக் காவல்! எனவே, தெரிந்தவரிடம் விடுவதே சிக்கனம் என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.