சேமிப்பும் பதுக்கலும்



2020 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7 ஆம் நாள், நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சு நிறத்திற்கு உயர்த்தப்பட்டது. அன்று மாலையே சிங்கப்பூர்ப் பேரங்காடிகள் பலவற்றில் அரிசி, நூடல்ஸ், கழிவறைத்தாள் அடுக்குகள் வெறுமையாயின. நாமும் அவ்வரிசைகளில் நின்றோம். அன்று நாம் செய்தது சேமிப்பா, பதுக்கலா?

சேமி என்னும் சொல் சேமம் என்பதன் அடியாகப் பிறந்தது. சேமம் நலத்தையும் காவலையும் குறிக்கும். பதுக்கு என்பதோ பதுங்கு என்பதன் பிறவினை. பிறர் கண்ணுக்கு மறைத்தல் அதன் பொருள். ஒரே மூட்டை அரிசி இவ்விரு சொற்களுக்கும் உரியதாகலாம். அதனை எப்போது வாங்கினோம், எவ்வாறு வைத்துள்ளோம் என்பவையே வேறுபாட்டைக் காட்டும்.

நம் முன்னோர் நெல்லைச் சேமித்த மண்குதிரை நினைவிற்கொள்வோம். அதன் வாய் மேலே இருக்கும். அடியில் அடைப்புடன் கூடிய சிறு துளை இருக்கும். புதுநெல்லை மேலே கொட்டுவர். பழையது கீழ்வழியே வெளிவரும். இருப்பு குறையாது, தேங்கிக் கெடவும் செய்யாது. விதைநெல்லையோ உண்ணாமல் தனியே காத்தனர். விளைந்த காலத்திலேயே சேமித்தமையால், அச்செயல் எவர் பங்கையும் பறிக்கவில்லை.

குதிர் இல்லாதோர் நிலை யாது? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்டது. அதற்குமுன் மலாயா தன் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெற்று வந்தது. கப்பல்கள் அருகியபோது பங்கீட்டு அரிசியும் சுருங்கியது. வாழைமரப் படம் பொறித்த நாணயத்தாள்கள் நாளுக்குநாள் மதிப்பிழந்து, 1945 இல் வெறுங்காகிதமாயின. பணத்தைச் சேர்த்தவர் கையில் ஒன்றுமில்லை; கொல்லையில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒரு சாண் மரவள்ளித் தண்டு போதும், செடி தழைக்கும். முற்றிய கிழங்கை உடனே அகழாமல், தேவைப்படும் வரை மண்ணிலேயே விட்டுவைக்கலாம். மண்ணே அன்று குதிராயிற்று.

எனினும் அக்கிழங்கில் மாவுச்சத்தே மிகுதி. புரதம் மிகக் குறைவு. போதிய சத்தின்றி மக்கள் நலிந்தனர். பெரிபெரி நோய் பரவியது. ஒன்றையே நம்புதல் தன்னிறைவு ஆகாது என்பதும் அக்காலம் கற்பித்த பாடமே.

இன்றும் நம் உணவில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகின்றது. இச்சிறு தீவில் முழுத் தன்னிறைவு இயலாது, ஆயத்தம் இயலும். அரிசி இறக்குமதியாளர் ஏறத்தாழ இரு மாத இறக்குமதிக்கு ஈடான அரிசியை இருப்பில் வைத்திருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பழையதை விற்றுப் புதியதை நிரப்பும் அவ்வேற்பாடு குதிரின் நெறியேயன்றி வேறன்று.

வீட்டிலும் அவ்வாறே செய்வோம். மாதந்தோறும் வாங்குவதோடு சிறிது கூடுதலாக அரிசியும் பருப்பும் வாங்குவோம். பழையதை முதலில் உண்போம். அச்சம் பரவும் நாளில் கடைக்கு விரையாதிருந்தால், அன்றாடம் ஈட்டி அன்றாடம் வாங்குவோர்க்கு அப்பொருள் எஞ்சும். நம் சேமிப்பு அவர்க்கும் சேமமாகும்.

மாணவச் செல்வங்களே, குதிரில் இடமுடியாத இருப்பு ஒன்றுண்டு, அதுவே பட்டறிவு. 1942 இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். எதை நட்டனர், எவ்வாறு சமைத்தனர், யாருடன் பகிர்ந்தனர் என அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களாலேயே எழுதி வையுங்கள். ஆசிரியப் பெருமக்கள் இதனை இவ்வாண்டே ஒரு வகுப்புப் பணியாக ஏற்றருள வேண்டுகின்றோம். அவ்விதைநெல்லை இழந்தபின் எந்தக் கடையிலும் வாங்க இயலாது.