வழிகாட்டும் சொல்
(விமான் நகர் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எழுத்தறிந்தவர் எதையும் தாமே செய்துகொள்வர் என்று நாம் எண்ணுகிறோம். எழுத்தை அறிவது வேறு; எழுதியவர் கருத்தை அறிவது வேறு. இவ்வேறுபாட்டை இணையதளம் நாள்தோறும் உணர்த்துகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன்.

தமிழகத்தில் வாக்காளராயிருந்த குடும்பம் ஒன்று விமான் நகரில் குடியேறுகிறது. இப்பகுதி வட்காவ் ஷேரி சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. இங்கு வாக்களிக்க விரும்பித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தைத் திறக்கின்றனர். படிவம் 6, புதிய வாக்காளருக்கு உரியது என்று காண்கின்றனர். ஊருக்குப் புதியவர் தம்மைப் புதிய வாக்காளர் என்று கருதுவது இயல்பே அன்றோ? சட்டம் கருதும் புதியவரோ, எந்தத் தொகுதிப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர். வீடு மாறியவர் நிரப்ப வேண்டியது படிவம் 8. அதன் விளக்கமும் அங்கே உண்டு. ஆயினும் குடியிருப்பு மாற்றம், திருத்தம், மாற்று அட்டை எனப் பலவற்றை ஒரே மூச்சில் அது அடுக்குகிறது. ‘புதிய’ என்னும் ஒற்றைச் சொல்லே மனத்தைப் பற்றிக்கொள்கிறது.

2022 ஆகஸ்டு 1க்கு முன் தொகுதி விட்டுத் தொகுதி மாறியோரும் படிவம் 6ஐயே நிரப்பினர். ஆகவே அநுபவமுள்ள அண்டை வீட்டாரின் அறிவுரையும் இன்று பிழையாகலாம்.

விளைவு சிறிதன்று. ஒருவர் இரண்டு தொகுதிகளில் பதிவு பெறுவதை 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 17ஆம் பிரிவில் தடுக்கிறது. பொய்யென்று அறிந்தே உறுதிமொழி அளிப்பவர்க்கு 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அறியாமற் செய்தவரும் விளக்கம் கூறி அலைய நேரும்.

படிவம் 8 வினவும் முறையைப் பாருங்கள். முதலில் வாக்காளர் அட்டை எண்ணைக் கேட்டுப் பழைய பதிவைக் காட்டுகிறது. பின்னர் என்ன மாற்றம் வேண்டும் என்கிறது. குடியிருப்பு மாற்றமெனில், தொகுதிக்கு உள்ளேயா வெளியேயா என்கிறது. பழைய பதிவே இடம்பெயர்கிறது என்பதை இவ்வரிசை சொல்லாமற் சொல்கிறது. ஆனால் இப்பாடம் உள்ளே நுழைந்தவர்க்கே கிட்டுகிறது. வாயிலில் தயங்கி நிற்பவர்க்கன்றோ அது முதலில் வேண்டும்?

1951–52 பொதுத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் வாக்களித்தனர். மக்கள் நின்ற இடத்திலிருந்தே வழி தொடங்கியது. ‘உங்கள் பெயர் ஏற்கெனவே எங்கேனும் பட்டியலில் உள்ளதா?’ என்ற வினாவோடு இணையதளமும் தொடங்குமாயின் குழப்பம் பெரிதும் தீரும்.

அதுவரை அவ்வினாவை நாம் கேட்போம். இளைஞர்களே! பெரியவர் கைப்பேசியை வாங்கி நீங்களே அழுத்தி முடித்துவிடாதீர்கள். உறுதிமொழியின் கீழ் நிற்பது அவர் பெயர். ஒவ்வொரு வாசகத்துக்கும் தமிழில் பொருள் கூறி, அவரையே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். ஐயமெனில் 1950 என்னும் உதவி எண் இருக்கிறது. பொருளறிந்து செய்த பதிவே நம் உரிமைக்குக் காவல்.