ஆறு டீ கிளாஸும் ஒரு கேரவனும்

கேரவன்னு சொன்னதும் நம்ம ஊர்ல ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிற வண்டிதான் ஞாபகம் வரும். நான் சொல்றது அது இல்ல. இங்க ஆஸ்திரேலியாவுல கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் இருக்கும். மெல்போர்ன் வந்த மூணாவது வருஷம் நானும் ஹஸ்பண்டும் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினோம்.

அதுல நான் முதல்ல ஏத்தினது ஆறு டீ கிளாஸ். தாம்பரத்துல அப்பா நடத்தின டீக்கடையோட கிளாஸ். 2020 லாக்டவுன்ல மூடின கடையை அவர் திரும்பத் திறக்கவே இல்ல. நான் ஃப்ளைட் ஏறும்போது பெட்டியில புடவைகளுக்கு நடுவுல ஆறையும் செருகிக் கொடுத்தார். "எவர்சில்வர் டம்ளர் போதுமே"ன்னு நீங்க கேப்பீங்க. ஹஸ்பண்டும் கேட்டார். நியாயம்தான். ஆனா எனக்கு டீ குடிக்கும்போது அதோட நிறம் தெரியணும்.

முதல் ட்ரிப் மங்கோ நேஷனல் பார்க். மாங்கோ இல்ல, மங்கோ. மில்டுரா வரைக்கும் சுமார் 540 கிலோமீட்டர் அருமையான தார் ரோடு. அங்கிருந்து இன்னும் 110 கிலோமீட்டர். அதுல மண் ரோடு வரும். குறுக்கால வரி வரியா, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல வண்டி ஓட்டுற மாதிரி. பல்லெல்லாம் ஆடுது. இழுத்துட்டுப் போற கேரவன்ல ஆள் உட்காரக் கூடாதுன்னு இங்க சட்டம். அதனால உள்ள என்ன உடைஞ்சாலும் நமக்குச் சத்தமே கேக்காது.

போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தா, என் பொண்ணுதான் முதல்ல ஏறப் பார்த்தா. நாலு வயசு, செருப்பு கிடையாது. தரை முழுக்க மினுமினுன்னு. சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டேன். ஆஸ்பத்திரின்னா திரும்ப அந்த 110 கிலோமீட்டர் போகணும். அந்த ஒரு செகண்டை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. (ஒரு டிப்: லைட்டை அணைச்சுட்டு ஃபோன் டார்ச்சைத் தரையோட தரையா வெச்சு அடிங்க, குட்டித் துண்டுகூட பளிச்னு தெரியும். ஈரத் துணியால ஒத்தி எடுத்து, துணியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுங்க.)

ரெண்டு கிளாஸ் போயிடுச்சு. அப்பாகிட்ட ரெண்டு வாரம் மறைச்சேன். சொன்னதும் சிரிச்சார். "கடைல எத்தனை உடைஞ்சிருக்கு, நான் என்ன அழுதேனா?" அப்புறம்தான் கேட்டார், "ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி வெச்சியாம்மா?"

ஆமா. மூணு மூணா அடுக்கி, வெளியில டவல் சுத்தி, தலைக்கு மேல இருக்கிற கப்போர்ட்ல வெச்சிருந்தேன். எல்லாமே தப்பு.

பெரும்பாலும் கிளாஸை உடைக்கிறது ரோடு இல்ல, பக்கத்து கிளாஸ். 1921-ல கிரிஃபித்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர் எழுதின பேப்பர் இதுல ரொம்பப் பிரபலம். கண்ணாடியோட பலத்தைத் தீர்மானிக்கிறது கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கீறல்கள்தான்னார். ரெண்டு கிளாஸ் மணிக்கணக்கா உரசிக்கிட்டே வந்தா கீறல் கூடிட்டே போகும். கடைசியில ஒரு சின்னத் தட்டு போதும். உள்ளுக்குள்ள அடுக்கினா இன்னும் மோசம், ஆட்டத்துல ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள இறுகி, ஆப்பு மாதிரி வேலை செய்யும்.

அப்பா சொன்ன தீர்வு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். டீக்கடைல இருந்து பக்கத்துக் கடைகளுக்கு டீ கொண்டு போற கம்பி ஸ்டாண்ட். ஒவ்வொரு கிளாஸுக்கும் தனி வளையம். கூட்டத்துல இடிச்சுக்கிட்டு ஓடினாலும் ஒண்ணை ஒண்ணு தொடாது.

அந்த ஸ்டாண்டுக்கு இங்க நான் எங்க போறது? ஒயின் கடைல காலி அட்டைப்பெட்டி சும்மாவே கொடுப்பாங்க, உள்ள பாட்டிலுக்குப் பாட்டில் தடுப்பு இருக்கும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு பழைய சாக்ஸ் மாட்டி (துவைச்சதுதான்!), உள்ளயும் ஒரு துணியைத் திணிச்சு, தடுப்புக்கு ஒண்ணா நிக்க வெச்சேன். பெட்டியை மூடி, காதுகிட்ட வெச்சுக் குலுக்கிப் பார்ப்பேன். டொக்னு ஒரு சத்தம் வந்தாலும் இன்னொரு துணி.

பெட்டியை வைக்கிற இடமும் முக்கியம். கேரவனோட பின்கோடிதான் அதிகமாத் தூக்கிப் போடும், சக்கர அச்சுக்கு மேலதான் ஆட்டம் கம்மி. அதனால அச்சுக்கு நேரா இருக்கிற கீழ் கப்போர்ட், அடியில வழுக்காத ரப்பர் மேட். மேல் கப்போர்ட்ல இப்ப பிரெட்டும் டிஷ்யூவும்தான். அப்புறம், மண் ரோட்டுல டயர் காத்தைக் கொஞ்சம் குறைச்சு, வேகத்தையும் குறைச்சுட்டா அதிர்ச்சி பாதியா ஆன மாதிரி இருக்கும். தார் ரோடு வந்ததும் காத்தைத் திரும்ப ஏத்திடணும், மறந்துடாதீங்க.

புதுசா வாங்கறவங்க டெம்பர்ட் கிளாஸ் வாங்கலாம். உடைஞ்சாலும் பெரிய கூர் துண்டா வராது, பொடிப்பொடியா உதிரும். என்னோடது சாதா கிளாஸ். அதனால இன்னொரு பயமும் உண்டு. குளிர் காலத்துல விடியக்காலை கேரவனுக்குள்ள கிளாஸ் ஐஸ் மாதிரி இருக்கும். கொதிக்கக் கொதிக்க டீ ஊத்தினா படக்னு விரிசல் விட்டுடும். முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில ஒரு அலசு அலசிட்டுத்தான் ஊத்தறேன். அப்பாவும் கடைல முதல் டீக்கு முன்னாடி சுடுதண்ணியில அலசுவார். சுத்தத்துக்குன்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் அஞ்சு ட்ரிப், ஒண்ணுகூட உடையல. நாலு கிளாஸ் இருக்கு. நாங்க மூணு பேர். அப்பா டிசம்பர்ல வரார். கேரவன்ல இட்லி மாவு பொங்கி வழிஞ்ச கதையை அடுத்த எபிசோட்ல சொல்றேன்.