'எது' தெரிந்த பிள்ளைக்கு 'ஏன்' தெரிய வேண்டாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பொது அறிவுப் புதிர்ப் போட்டிகள் நம் பிள்ளைகளின் அறிவை வளர்க்கின்றனவா?' இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வளர்க்கின்றன என்று ஒரே சொல்லில் கூறிவிட்டு உட்கார்ந்துவிடலாம். புதிர்ப் போட்டி நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் வேறு எப்படிச் சொல்வாள்? (சிரிப்பு)

ஆனால் கேள்வி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நிற்கும்போது ஒன்றைப் பார்க்கிறேன். 'எது, எப்போது, எத்தனை' என்று கேட்டால் பிள்ளைகளின் விரல் மணியை நோக்கிப் பாய்கிறது. 'ஏன்' என்று கேட்டால் அந்த விரல் அப்படியே நின்றுவிடுகிறது. குறை பிள்ளைகளிடம் இல்லை. நாம் கேட்டுப் பழக்கியது அப்படி.

அறிவியல், வரலாறு, கலை, புவியியல் என்று நான்கு சுற்று வைப்பது நம் வழக்கம். இன்றும் நான்கு சுற்று போவோம். தூரத்து நாட்டுக் கேள்வி எதுவும் வேண்டாம். நம் பினாங்குத் துறைமுகத்தில் நின்றுகொண்டே கேட்போம்.

முதல் சுற்று, அறிவியல். கொடிமலையின் உயரம் என்ன? 833 மீட்டர். நான்காம் ஆண்டு மாணவன்கூடச் சொல்லிவிடுவான். பத்துப் புள்ளி. அடுத்து நான் கேட்கிறேன்: மலை ஏற ஏறச் சூரியனுக்குக் கிட்டத்தானே போகிறோம், பிறகு ஏன் மேலே குளிர்கிறது? அரங்கத்தில் அமைதி.

வெயில் முதலில் நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம்தான் அதன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே போகும்போது அங்கே அழுத்தம் குறைவு. அதனால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு பாகை செல்சியஸ் குறையும். அப்படியானால் கொடிமலை உச்சியில் சுமார் ஐந்து பாகை குறைய வேண்டும். 833 என்ற எண்ணுக்கு இப்போதுதான் உயிர் வருகிறது. வெள்ளைக்காரத் துரைமார் ஏன் மேலே பங்களா கட்டினார்கள், 1923-இல் ஏன் மலை ரயில் ஓடத் தொடங்கியது என்பதற்கும் அதே குளிர்தான் விடை. அறிவியல் சுற்றில் கேட்ட கேள்வி, வரலாற்றுச் சுற்றின் கதவைத் திறந்துவிட்டது பாருங்கள்.

இரண்டாவது சுற்று, வரலாறு. 'அவன் பெரிய எம்டன்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கெட்டிக்காரன், யாருக்கும் பிடிபடாதவன், கொஞ்சம் பயப்பட வேண்டியவன் என்று பொருள். இது எங்கிருந்து வந்த சொல்?

எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். முதல் உலகப் போர் மூண்ட 1914-ஆம் ஆண்டு, செப்டம்பர் 22 இரவு அது சென்னைக் கடற்கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்தியது. ஊரே நடுங்கியது. கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. இதுவரை பலருக்கும் தெரியும். அதே எம்டன் அடுத்து எங்கே வந்தது? அக்டோபர் 28 விடியற்காலை, இதோ நம் பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்தது!

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. போலியாக நான்காவது ஒன்றை நிறுத்திக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்றும்படி நுழைந்தது. கிட்டே வந்ததும் ஜெர்மன் கொடியை ஏற்றிவிட்டுச் சுட்டது. நங்கூரமிட்டு நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக் மூழ்கியது. வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயும் மூழ்கியது. ஜெம்சுக் மாலுமிகளுக்கான நினைவுக்கல் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அந்தச் சாலை வழியே நாம் எத்தனை முறை போய் வருகிறோம்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனப்பாடமே வேண்டாம் என்று வாதாட நான் வரவில்லை. செப்டம்பர் 22, அக்டோபர் 28 என்ற இரண்டு தேதிகளும் நினைவில் இருந்தால்தான், சென்னையும் பினாங்கும் ஐந்தே வாரத்தில் ஒரே கப்பலிடம் அடிவாங்கின என்பது புரியும். தேதி மணி போன்றது. கோக்க நூல் வேண்டும். 'ஏன்' என்ற கேள்விதான் அந்த நூல்.

மூன்றாவது சுற்று, கலை. பி. ரம்லி எங்கே பிறந்தார்? பினாங்கில், 1929-இல். எல்லாரும் சொல்வீர்கள். அவர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' என்ற மலாய்ப் படம் 1950-இல் வந்தது. அதை இயக்கியவர் யார்? சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த தமிழர் எல். கிருஷ்ணன். 2018-இல் காலமானார். இந்தப் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? கேள்வி அட்டையில் யார் பெயர் வருகிறதோ அவர்தான் பிள்ளையின் மனதில் பெரிய மனிதர். அட்டையில் வராதவர் இருந்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், கேள்வி எழுதுகிறவர் கையில் பெரிய பொறுப்பு இருக்கிறது.

நான்காவது சுற்று, புவியியல். 'கடாரம் கொண்டான்' யார்? இராசேந்திர சோழன். படையெடுத்தது 1025-இல். சரி, அந்தக் கடாரம் எங்கே? பல பிள்ளைகள் எங்கோ கடலுக்கு அப்பால் என்று நினைக்கிறார்கள். கடாரம் என்பது கெடா என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே காரில் சுமார் ஒரு மணி நேரம், பூஜாங் பள்ளத்தாக்கு வந்துவிடும். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை அடையாளமாக நின்றது. அதன் அடிவாரத்தில்தான் பழைய துறைமுகமும் கோயில்களும் எழுந்தன.

இப்போது மனம் வலிக்கும் ஒரு செய்தி. அந்தப் பள்ளத்தாக்கில் 'சண்டி 11' என்று எண்ணிடப்பட்டிருந்த பழங்கோயில் எச்சம், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்டது. 2013-இல் நில மேம்பாட்டு வேலையின்போது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிவந்த பிறகுதான் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இடிந்த பிறகு எழுந்த குரலால் என்ன பயன்? இங்கே ஜார்ஜ் டவுனுக்கு 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி கிடைத்தது. ஒரு செங்கல்லை அசைத்தாலும் நாலு பேர் கேட்கிறார்கள். அந்தக் கோயிலுக்கு அப்படிக் கேட்க, இடிப்பதற்கு முன்னால் ஆள் இல்லை. 'கடாரம் கொண்டான்' என்று சொல்லிப் பத்துப் புள்ளி வாங்கிய நாம், கடாரத்தைப் போய்ப் பார்த்தோமா? தெரியாத ஒன்றை யாராலும் காப்பாற்ற முடியாது. பொது அறிவு பரிசுக்கோப்பைக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்பர்களே, வெறும் விடை இன்று மலிவான சரக்கு. கைப்பேசியைத் தட்டினால் ஒரு நொடியில் வருகிறது. விடை மாறியும் போகிறது. ஒன்பது கோள்கள் என்று படித்தோம். 2006-இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வானியலாளர்கள் பிரித்துவிட்டார்கள். பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். ஏன் பிரித்தார்கள் என்று கேட்டவன் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டான்.

முன்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரமில்லை என்றோம். 2021-இல் அந்தத் தேர்வும் போய்விட்டது. இனி என்ன காரணம் சொல்வோம்?

மூன்று வேண்டுகோளுடன் முடிக்கிறேன். கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்களே, ஒவ்வொரு 'எது'வுக்கும் பின்னால் ஒரு 'ஏன்' வையுங்கள். அதற்கு மணி வேண்டாம், ஒரு நிமிடம் யோசிக்க விடுங்கள். பத்தில் இரண்டு கேள்வியாவது பிள்ளை நடந்து போய்ப் பார்க்கக்கூடிய இடத்தைப் பற்றி இருக்கட்டும். பெற்றோர்களே, பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கே அரும்பொருளகம் இருக்கிறது. மாணவச் செல்வங்களே, மேடையில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் எங்களைப் போன்றவர்கள் கேட்க மறந்த கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

புதிர்ப் போட்டி அறிவை வளர்க்குமா என்றால், நிச்சயம் வளர்க்கும். மணி அடித்து முடிந்த பிறகும் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தால்!