தொழில்நுட்ப வரைபடத் தேர்வுக்கு ஆயத்தமாவது எப்படி?

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வுகளுள், பெற்றோர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒன்றைப் பற்றி இன்று பேசப் போகிறோம். அது தொழில்நுட்ப வரைபடத் தேர்வு. கணக்கு, விஞ்ஞானம் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால், "படம் போடுவதற்கும் ஒரு பரீட்சையா? அதைப் படித்து என்ன செய்வது?" என்று தோட்டத்து வீடுகளில் கேட்பதுண்டு. இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காததாலேயே, நல்ல கையும் கூர்மையான கண்ணும் உள்ள பிள்ளைகள் சிலர் இந்தப் பாடத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படிக் கைவிட வேண்டியதில்லை என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

சிங்கப்பூரின் கதையைச் சற்றே பார்ப்போம். 1971க்குள் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. படைத்தளங்களை நம்பி வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் கலங்கின. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழர்களும் மலையாளிகளும் அவர்களுள் அடங்குவர். மறுபுறம், 1961 முதல் உருவாகிவந்த ஜூரோங் தொழிற்பேட்டைக்குக் கைத்திறன் உள்ளவர்கள் தேவைப்பட்டனர். ஆகவே 1969 முதல் உயர்நிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் ஆண் பிள்ளைகள் அனைவரும் மரவேலை, உலோகவேலை, மின்சாரம், தொழில்நுட்ப வரைபடம் போன்றவற்றைப் படிக்க வேண்டும் என்றானது. பெண் பிள்ளைகளிலும் பலர் படித்தார்கள். பிற்காலத்தில் இவை வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்துக்கு இடம் விட்டன. மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வில் பொறியியல் வரைபடம் என்ற பெயரில் ஒரு பாடம் உண்டு. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றே. பட்டறையில் ஒரு பொருளைச் செய்யப் போகிறவனுக்கு அதன் வடிவத்தையும் அளவையும் சொல் இல்லாமல் சொல்லும் மொழிதான் வரைபடம். இன்று கணினி கோடு போட்டுத் தருகிறது என்றாலும், அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியாதவனுக்குக் கணினியாலும் பயனில்லை.

இந்த மொழி தோட்டத்துப் பிள்ளைக்குப் புதியதா? இல்லை. பால்மரத்தின் வெட்டுப்பட்டையை நினைத்துப் பாருங்கள். ஒட்டுக்கட்டிய மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் இறங்குகிறது. பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், இந்தத் திசையில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். சாய்வு இருப்பதால் பாலும் வழிந்து மங்கில் சேரும். மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஆராய்ந்து வகுத்தவர் ரிட்லி என்பவர். அவர் காட்டிய வெட்டு மீன்முள் வடிவில் இருந்தது. பிற்காலத்தில் மரத்தைப் பாதி சுற்றிவரும் ஒற்றை வெட்டு வழக்கத்துக்கு வந்தது.

இப்போது ஒரு கேள்வி. அந்த வெட்டு நேர்கோடா, வளைகோடா? மரத்தில் பார்த்தால் வளைவு. பட்டையை உரித்து விரித்துவைப்பதாக எண்ணிக்கொண்டால் நேர்கோடு. புதிய மரத்தில் வெட்டுக்குக் குறியிட, வளையக்கூடிய தகரத் தகட்டை மரத்தில் சுற்றி வைத்துக் கோடிழுப்பதும் இதனால்தான். வரைபடப் புத்தகத்தில் உருளையின் விரிப்பு, சுருள்கோடு என்று இரண்டு பாடங்கள் வரும். பிள்ளைகள் அஞ்சும் அந்தப் பாடங்களை அப்பாவும் அம்மாவும் தினமும் காலையில் உளியால் செய்துவிட்டு வருகிறார்கள்.

மாணவ மாணவியரே, இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு காலி டின்னை எடுத்து, நூலால் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு 24 செண்டிமீட்டர் என்றால் பாதி 12. ஒரு தாளை 12 செண்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, இடது மேல்மூலையிலிருந்து வலப்புறமாக 30 பாகை மூலைமட்டத்தால் கீழ்நோக்கிக் கோடிழுங்கள். வலது ஓரத்தை அது ஏறக்குறைய 7 செண்டிமீட்டர் கீழே தொடும். தாளை டின்னில் சுற்றினால் பால்மரத்து வெட்டு உங்கள் கையில் இருக்கும்.

அடுத்து, அதன் முன்தோற்றத்தை வரையுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியும் அரைவட்டத்தை 30 பாகை மூலைமட்டத்தால் 6 சமபங்காகப் பிரியுங்கள். இறக்கமான 7 செண்டிமீட்டரையும் 6 பங்காக்க வேண்டும். அந்த இறக்கக்கோட்டின் ஒரு முனையிலிருந்து சாய்வாக ஒரு கோடிழுத்து, கவராயத்தால் அதில் 6 சம அடிகள் வையுங்கள். கடைசிப் புள்ளியை இறக்கக்கோட்டின் மறுமுனையோடு சேர்த்து, அதற்கு இணையாக மற்றப் புள்ளிகளிலிருந்து கோடிழுங்கள். இதுவே தனிக் கேள்வியாகவும் வருவதுண்டு. பிறகு அரைவட்டத்திலிருந்து நேர்க்கோடுகளையும், இறக்கத்திலிருந்து கிடைக்கோடுகளையும் கொண்டுவந்து, சந்திக்கும் 7 புள்ளிகளை இணையுங்கள். ஓரங்களில் செங்குத்தாகவும் நடுவில் சாய்வாகவும் ஒரு வளைவு கிடைக்கும். திருகாணியின் மரை இந்தக் கோடுதான். சிங்கப்பூரில் பூகிஸ் பக்கம் பழைய கடைவீடுகளின் பின்சந்துகளில் நிற்கும் சுழல்படிக்கட்டும் இதே கோட்டில்தான் ஏறுகிறது.

தேக்கா வட்டாரமே ஒரு நல்ல வரைபடப் பள்ளிக்கூடம். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் எதிரே நின்று பார்த்தால் தெரிவது முன்தோற்றம். கடைகளுக்கு முன்னே செல்லும் நடைபாதையை நம்மவர்கள் அஞ்சடி என்பார்கள்; 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. எதிரே நிற்கும்போது அஞ்சடியின் அகலம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேல்தோற்றமோ பக்கத்தோற்றமோ வேண்டும். ஒரு தோற்றம் மறைப்பதை இன்னொன்று காட்டும் என்பதே இந்தப் பாடத்தின் உயிர். தோட்டத்து லயத்து வீட்டையும் ஸ்டோரையும் வைத்து இதே பயிற்சியைச் செய்யலாம். இம்முறையை ஒழுங்குபடுத்தியவர் பிரான்ஸ் நாட்டு மோஞ்ச். கோட்டை கட்டுவதற்கு உதவியதால் முதலில் இராணுவ இரகசியமாகவே காக்கப்பட்டு, 1795இல்தான் அது பலரறியக் கற்பிக்கப்பட்டது.

தோற்றங்களை அடுக்குவதில் இரண்டு முறைகள் உண்டு. முதல் கோண முறையில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். மூன்றாம் கோண முறையில் மேலே வரும். பக்கத்தோற்றமும் அவ்வாறே இடம் மாறும். இடப்பக்கத்திலிருந்து பார்த்தது முதல் கோண முறையில் வலப்புறம் அமையும். மூன்றாம் கோண முறையில் இடப்புறமே அமையும். கேள்வி எந்த முறையைக் கேட்கிறது என்று பார்த்து, அந்தச் சொல்லின் கீழ் முதலில் கோடிடுங்கள். அழகாக வரைந்தாலும் முறை மாறினால் மதிப்பெண் குறையும்.

கருவிகளைப் பற்றிப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விலை உயர்ந்த பெட்டி தேவையில்லை. நேரான ஓரமுள்ள பலகை, டி-மட்டம், இரண்டு மூலைமட்டங்கள், ஆடாத கவராயம், 2எச், எச்பி பென்சில்கள் இருந்தால் போதும். மூலைமட்டம் சரியானதா என்று அறிய, டி-மட்டத்தின் மேல் வைத்து ஒரு செங்குத்துக் கோடு இழுங்கள். பின் அதைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் மறுபடி இழுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நல்லது. விலகினால் வேறு வாங்குங்கள். பென்சில் முனையைத் தீட்ட ஒரு துண்டு உப்புத்தாள் போதும்.

தேர்வு நாளில் கேள்வியை இருமுறை படியுங்கள். படம் தாளில் எங்கே அமையும் என்று கணக்கிட்டு, மையக்கோடுகளை முதலில் போடுங்கள். ஒரு தோற்றத்தை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாத் தோற்றங்களையும் 2எச் பென்சிலால் மெல்லியதாகச் சேர்த்தே வளர்த்துவாருங்கள். சரிபார்த்த பிறகே புறக்கோடுகளை அழுத்தமாக்க வேண்டும். மறைந்த விளிம்புகளுக்கு விட்டுவிட்டு வரும் சிறுகோடுகள். மையத்துக்கு நீளமும் குட்டையுமாக மாறிவரும் கோடு. வடிவியல் கேள்விகளில் அமைப்புக் கோடுகளை அழித்துவிடாதீர்கள். விடை எப்படி வந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. ஒரு கேள்வி சிக்கினால் அதிலேயே நேரத்தைக் கரைக்காமல் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

கேள்வித்தாள் சிங்கப்பூரில் ஆங்கிலத்தில், மலேசியாவில் மலாயில் வரும். ஆனால் இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் குறைவு. தொடுகோடு, இருசமவெட்டு, வெட்டுத் தோற்றம், அளவுவீதம் என ஒரு முப்பது சொற்களை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறு படம் போட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

பெற்றோர்களே, கேள்வித்தாளை வாசிக்க உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் உதவ முடியாது என்று எண்ண வேண்டாம். வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம், வீட்டிலுள்ள மேசையைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். ஒரு டின்னையோ மங்கையோ முன்னே வைத்து, "இதை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? பக்கத்திலிருந்து பார்த்தால்?" என்று கேளுங்கள். பிள்ளை வரைந்ததைப் பொருளோடு வைத்து ஒப்பிடுங்கள். சாய்வு பிசகினால் பால் மங்குக்கு வராது என்று அறிந்த கண்ணுக்கு, தாளில் பிசகிய கோடும் தப்பாது.